கடல் உள்வாங்கவில்லை: எலிபென்டா தீவையும் அதன் சேற்றையும் புரிந்துகொள்ள

ஊரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் ஒரு நாள் எலிபென்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது மும்பைத் தமிழர்களின் வழக்கம். கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்குள்ள குகைச் சிற்பங்களைப் பற்றிப் பேச ஆள் உண்டு. ஆனால் அந்தத் தீவு கடலில் எப்படி நிற்கிறது, அதைச் சுற்றியுள்ள தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும்.

கரையெல்லாம் சேறாகத் தெரிந்தால் "கடல் உள்வாங்கிடுச்சு" என்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்கு வயிறு கலங்கும். "எதிரே துறைமுகம் கட்டினதாலதான் இவ்வளவு சேறு" என்பது இன்னொரு பேச்சு. "தீவு கொஞ்சம் கொஞ்சமா மூழ்கிட்டு இருக்கு" என்பது மூன்றாவது. மழைக்காலம் வந்தால் "இன்னிக்கு நாலரை மீட்டர் அலை வரும்" என்று வாட்சப்பில் செய்தி சுற்றும். இவற்றில் சில முழுத் தவறு, சில பாதி உண்மை. நம் வீட்டு வாசலில் இருக்கும் கடலைப் பற்றி இவ்வளவு குழப்பம் தேவையில்லை. அடிப்படை புரிந்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும்.

தீவு எங்கே இருக்கிறது?

எலிபென்டாவின் உள்ளூர்ப் பெயர் காராபுரி. மும்பையிலிருந்து படகேறிப் போவதால் அது மும்பையைச் சேர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். நிர்வாகப்படி அது ராய்கட் மாவட்டம், உரண் தாலுகா. மும்பை நகரத்துக்கும் கிழக்கே உள்ள பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் துறைமுக நீர்ப்பரப்பில், கேட்வேயிலிருந்து 10 கி.மீ. சொச்சத்தில் இருக்கிறது.

தீவின் நீளம் சுமார் இரண்டரை கி.மீ. இரண்டு குன்றுகள், நடுவில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. மேற்குக் குன்றில்தான் எல்லோரும் பார்க்கப் போகும் சிற்பக் குகைகள். கிழக்குக் குன்று அதைவிடச் சற்று உயரம், 170 மீட்டரைத் தொடும். அடிவாரத்தில் ஷேத் பந்தர், ராஜ் பந்தர், மோரா பந்தர் என்று மூன்று சிறு ஊர்கள், எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் பேர்.

குன்றின் மேல் நின்று சுற்றிப் பார்த்தால் இந்தத் தீவின் நிலைமை ஒரே பார்வையில் விளங்கும். தென்கிழக்கே நவ சேவா துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாக நிற்கும். 1989இல் செயல்படத் தொடங்கிய அது, நாட்டின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்று. மேற்கே பக்கத்திலேயே ஜவஹர் தீவு. கப்பலில் வரும் கச்சா எண்ணெயை இறக்கி, குழாய் வழியாகக் கரைக்கு அனுப்பும் இடம் அது. வடமேற்கே டிராம்பே, பாபா அணு ஆராய்ச்சி மையம், செம்பூர் மாஹூல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். வடக்கே 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது பாலம். இத்தனைக்கும் நடுவில் மக்கள் குடியிருக்கும் ஒரு சின்னத் தீவு.

குன்று முழுக்கக் கருங்கல் வகையான பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவி இறுகியபோது உண்டான பாறை. மும்பையின் குன்றுகளும் அதே பாறைக் குடும்பம்தான். அதனால் மூழ்கும் கதையை இங்கேயே விட்டுவிடலாம். கடல் மட்டம் மெல்ல உயர்வது உண்மை. அதனால் தொல்லை வரப்போவது அடிவாரத்தில் கரையோரம் வாழும் ஊர்களுக்கு. பாறைக் குன்று எங்கும் போகப் போவதில்லை.

ஏற்றமும் வற்றமும்

கடல் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயர். ஏறி நிற்கும் நிலை ஏற்றம், இறங்கி நிற்கும் நிலை வற்றம். இந்தக் கட்டுரைக்கு இந்த மூன்று சொற்கள் போதும்.

இதற்கு முதல் காரணம் நிலவு. பூமியில் நிலவைப் பார்த்த பக்கத்தில் அதன் ஈர்ப்பு சற்றுக் கூடுதல், எதிர்ப்பக்கத்தில் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசத்தால் கடல் நீர் இரண்டு பக்கமும் லேசாக மேடு கட்டுகிறது. பூமி சுழலும்போது ஓர் இடம் இரண்டு மேடுகளையும் கடந்து போகிறது. அதனால் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நிலவும் இதற்குள் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் முழுச் சுற்று 24 மணி 50 நிமிடம் எடுக்கும். அதாவது இன்றைக்குப் பகல் 12 மணிக்கு ஏற்றம் என்றால், நாளைக்கு ஒரு மணிக்குச் சற்று முன்னால்.

சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே கோட்டில் வருவதால் இரண்டு ஈர்ப்பும் கூட்டு சேரும். ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டும் செங்குத்தாக இழுப்பதால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். ஆக, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதியைப் பார்த்தாலே கடல் எவ்வளவு ஏறி இறங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மீனவர்கள் காலங்காலமாக இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

சரி, இதுவரை பார்த்தது: எலிபென்டாவில் தண்ணீர் விலகிச் சேறு தெரிவது நாளுக்கு இரண்டு முறை நடக்கும் வற்றம். சுனாமிக்கு முன் கடல் விலகுவது சில நிமிடங்களில், நேரம் காலம் இல்லாமல் நடப்பது. இது ஆறு மணி நேரமாக மெல்ல நடப்பது, அட்டவணையில் முன்கூட்டியே அச்சிட்டு வருவது.

ஊரில் பார்க்காத ஓதம் மும்பையில் ஏன்?

நம்மவர்கள் குழம்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. சென்னையில் அமாவாசை பௌர்ணமிக்குக்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். தூத்துக்குடிப் பக்கம் அதைவிடக் குறைவு. மெரினாவில் வளர்ந்தவர் கடல் ஏறி இறங்குவதைக் கவனிக்காமலேயே காலத்தைக் கழித்துவிடலாம். மும்பையில் அதே நாள்களில் வித்தியாசம் மூன்றரை மீட்டரைத் தாண்டும், சில நாள் நாலரை மீட்டரை நெருங்கும். ஒரு மாடி உயரத்துக்கும் மேல்.

நிலவு ஒன்றுதான். மாறுவது கடலின் அடித்தளம். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஆழமில்லாத மேடைக்குக் கண்டத்திட்டு என்று பெயர். சென்னைக்கு எதிரே அது குறுகலானது, கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் வந்துவிடும். மும்பைக்கு எதிரே அது 300 கி.மீ. அளவுக்கு விரிந்து கிடக்கிறது. ஆழ்கடலிலிருந்து வரும் ஓத அலை இந்த அகலமான, ஆழமில்லாத மேடை மேல் ஏறும்போது வேகம் குறைந்து, பின்னால் வரும் நீர் முன்னால் இருப்பதோடு சேர்ந்து உயர்ந்துவிடுகிறது. வடக்கே காம்பட் வளைகுடா போகப் போகக் குறுகுவதால் அங்கே ஓதம் இன்னும் பெரிது.

அந்த நாலரை மீட்டர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாள்களை மும்பை மாநகராட்சி பட்டியலிட்டு அறிவிக்கும். அது அலையின் உயரம் இல்லை. கடல் வரைபடத்தில் பூஜ்யமாக வைத்துக்கொண்ட ஒரு தாழ்வான கோட்டிலிருந்து அளந்த நீர்மட்டம். ஆபத்து அலை வந்து அடிப்பதில் இல்லை. கடல் அந்த உயரத்தில் நிற்கும்போது நகரத்துச் சாக்கடையும் மீட்டி ஆறும் கடலில் இறங்க முடியாமல் அப்படியே நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மி.மீ. மழை கொட்டிய அதே பிற்பகலில் கடலும் ஏற்றத்தில் இருந்தது. சயானிலும் தாராவியிலும் அன்று இருந்தவர்களுக்கு இதன் பொருள் விளக்க வேண்டியதில்லை.

தெப்பக்குளமும் ஏரியும்

சரி, தண்ணீர் நாலு மீட்டர் இறங்குகிறது. அதற்கு ஏன் இவ்வளவு பெரிய சேற்று வெளி தெரிய வேண்டும்?

கோயில் தெப்பக்குளத்தில் தண்ணீர் ஓர் அடி இறங்கினால் என்ன தெரியும்? ஒன்றிரண்டு படிக்கட்டு கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். அதே ஓர் அடி ஊர் ஏரியில் இறங்கினால் ஏக்கர் கணக்கில் தரை வெளியே வந்துவிடும், மாடு மேயப் போகலாம். குளம் செங்குத்து, ஏரி சரிவே இல்லாத தட்டை. எலிபென்டா இரண்டும் சேர்ந்தது. குன்று இருக்கும் இடம் படிக்கட்டு, அதைச் சுற்றியுள்ள கடல் தரை ஏரி.

கணக்காகப் பார்ப்போம். 200 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் நாலு மீட்டர் இறங்கினால் கரை 800 மீட்டர் வெளியே போய்விடும். சரிவு இன்னும் தட்டையானால் இன்னும் தூரம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூழ்கியும் வெளிப்பட்டும் மாறும் இந்தப் பட்டைக்கு ஓதவெளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். தீவின் பரப்பளவைக் கேட்டால் புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுவதற்கு இந்த ஓதவெளிதான் காரணம். அதைச் சேர்த்தால் ஒரு எண், சேர்க்காவிட்டால் வேறொரு எண்.

படகுத்துறை கடலுக்குள் அவ்வளவு தூரம் நீண்டிருப்பதும், அதன் மேல் சின்ன ரயில் ஓடுவதும் இதனால்தான். கரையோரம் கட்டியிருந்தால் வற்றத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த முறை போனால் அந்தத் துறையின் தூண்களைக் கவனியுங்கள். மேலே வெளுத்த சிமென்ட். அதற்குக் கீழே கருத்த ஈரப் பட்டை. இன்னும் கீழே சிப்பியும் கொட்டலசு என்ற சின்ன ஓட்டுயிரும் ஒட்டிச் சொரசொரவென்று இருக்கும். தினமும் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வோர் உயிரும் தனக்கான உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அந்தத் தூண் ஒன்றே போதும்.

தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆகும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியும் கடைசி மணியும் சோம்பல். நடுவில் உள்ள மூன்றாம், நாலாம் மணியில்தான் பாதித் தண்ணீர் போய்விடும். நாலு மீட்டர் ஓதமுள்ள நாளில் அந்த இரண்டு மணி நேரமும் மணிக்கு ஒரு மீட்டர் வீதம் கடல் இறங்கும். சேற்றில் இறங்கிப் படம் எடுக்கலாம் என்று குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். இறங்கிய அதே வேகத்தில்தான் அது ஏறியும் வரும். சேற்றில் கால் புதைந்தால் ஓட முடியாது.

சேறு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் துறைமுகத்தின் மேல் பழி விழுகிறது. சேறு துறைமுகத்தைவிட மிகப் பழையது.

பசால்ட் பாறை மழையிலும் வெயிலிலும் சிதைந்தால் நுண்ணிய களிமண் ஆகும். உல்லாஸ், பாதாளகங்கா, அம்பா போன்ற ஆறுகளும் பன்வேல் ஓடையும் மழைக்காலத்தில் அந்தக் களிமண்ணைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கத்துக் கழிகளில் இறங்குகின்றன. நல்ல தண்ணீரில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். உப்புத் தண்ணீர் கலந்தவுடன் அவை ஒட்டிக்கொண்டு கட்டியாகி, எடை கூடி, கீழே இறங்கும். இதற்குத் திரளுதல் என்று பெயர். ஓதம் இந்தச் சேற்றை உள்ளே கொண்டுவரும், வெளியே கொண்டுபோகும். ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவேளையில் தண்ணீர் அசையாமல் நிற்கும் சில நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிய விடும்.

திறந்த கடலாக இருந்தால் அலை அடித்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். இங்கே மேற்கே மும்பை நகரம் நீளமாகக் குறுக்கே கிடந்து அரபிக் கடலின் அலையைத் தடுத்துவிடுகிறது. அதனால் உள்ளே அமைதி. அமைதியான நீரில் சேறு படியும். அதே அமைதிக்காகத்தான் கப்பல்களும் இங்கே வருகின்றன. துறைமுகம் சேற்றை உண்டாக்கவில்லை, சேறு துறைமுகத்தை உண்டாக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே அமைதிதான். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

இதைத் தொலைவில் தேடவும் வேண்டாம். மும்பை ஏழு தீவுகளாக இருந்தபோது அவற்றுக்கு நடுவிலும் இதே சேறும் கழியும்தான் கிடந்தன. 1784இல் ஹார்ன்பி அணை, 1845இல் மாஹிம் சாலை என்று ஒவ்வொன்றாக அடைத்தும் தூர்த்தும்தான் நகரம் ஆனது. தாராவி முதலில் மாஹிம் கழியோரத்துக் கோலி மீனவர்களின் குடியிருப்பாக இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த நம் முன்னோர் குப்பையும் மண்ணும் போட்டு மேடாக்கிக் குடியேறிய நிலத்தில் பெரும் பகுதி இதே ஓதவெளிதான். எலிபென்டாவைச் சுற்றி இருப்பது, தாராவியில் நம் காலுக்குக் கீழே இருப்பதன் மூடப்படாத பகுதி.

துறைமுகம் செய்வது என்ன?

பெரிய கன்டெய்னர் கப்பல் மிதக்க 14, 15 மீட்டர் ஆழம் வேண்டும். இந்த நீர்ப்பரப்பு இயல்பாக அவ்வளவு ஆழம் இல்லை. எனவே கடல் தரையில் ஒரு பாதையை வெட்டி வைக்க வேண்டும். அதற்குக் கப்பல் தடம் என்று பெயர். ஆழமான பள்ளத்தில் நீரோட்டம் மெதுவாகும். மெதுவான நீரில் சேறு படியும் என்று மேலே பார்த்தோம். ஆக, வெட்டிய பள்ளம் தானாகத் தூர்ந்துகொண்டே இருக்கும், துறைமுகம் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வாரிய சேற்றை அதற்கென்று ஒதுக்கிய கடல் பகுதியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். பழைய மும்பைத் துறைமுகம் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டது. 1914இல் திறந்த அலெக்சாண்ட்ரா கப்பல் துறைக்கு, இப்போதைய இந்திரா துறைக்கு, மதகுக் கதவு வைத்து, ஏற்றத்து நீரை உள்ளேயே நிறுத்திவிட்டார்கள். வெளியே கடல் வற்றினாலும் உள்ளே கப்பல் மிதக்கும்.

அப்படியானால் துறைமுகத்தால் பாதிப்பே இல்லையா? உண்டு, அது வேறு வகை. ஓதவெளியைத் தூர்த்துக் கன்டெய்னர் அடுக்கும் தளமாக்கினால் அந்த இடத்துக்கு ஏறி வந்த நீர் வேறு பக்கம் போகும், நீரோட்டம் மாறும், ஓர் இடத்தில் சேறு கூடும், இன்னோர் இடத்தில் அரிக்கும். அலையாத்திக் காடும் மீன் குஞ்சு பொரிக்கும் இடமும் போய்விடும். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தீவுக்கு எதிர்க்கரையில் இப்படி வாழ்வாதாரம் இழந்த 1,630 மீனவக் குடும்பங்களுக்குச் சுமார் 95 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

எண்ணெய் அடுத்த கவலை. 2010 ஆகஸ்ட் 7 அன்று எம்.எஸ்.சி. சித்ரா, கலீஜியா என்ற இரண்டு கப்பல்கள் துறைமுக வாயிலில் மோதியதில் கொட்டிய எண்ணெய், ஓதத்தோடு ஏறி எலிபென்டாவின் அலையாத்திகள் வரை வந்தது. மணல் கரையாக இருந்தால் வழித்து எடுக்கலாம். சேற்றில் இறங்கிய எண்ணெய்க்கு ஆக்சிஜன் எட்டாது, அதனால் எளிதில் சிதையாது. பிச்சாவரத்தில் அலையாத்தி மரத்தடியில் ஈட்டி ஈட்டியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்திருப்பீர்கள். மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. அவற்றின் மேல் எண்ணெய் பூசினால் மரம் மூச்சடைத்துப் போகும்.

ஆக: சேறு இயற்கை, அதைத் தூர்ப்பதும் அழுக்காக்குவதும் மனிதர் வேலை. இரண்டையும் கலந்து பேசினால், "எப்படியும் சேறுதானே, கட்டினால் என்ன" என்று சொல்பவருக்குப் பதில் சொல்ல முடியாமல் போகும்.

எது தீவு, எது கடல்?

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை தீவுக்கு ஒரு வரையறை தருகிறது: இயற்கையாக உருவாகி, நாலு பக்கமும் நீர் சூழ்ந்து, ஏற்றத்திலும் நீருக்கு மேலே நிற்கும் நிலம். வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் திட்டு தீவு ஆகாது. இந்தியாவில் 1991 முதல் இருக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் ஏற்றக் கோடு, வற்றக் கோடு என்ற இரண்டையும் வைத்துத்தான் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்கின்றன. வரைபடத்தில் ஏற்றக் கோட்டைப் பத்து மீட்டர் தள்ளிப் போட்டாலும் தட்டை நிலத்தில் ஏராளமான இடம் கைமாறிவிடும். தெப்பக்குளம், ஏரிக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

காராபுரிக்காரர்களுக்கு இந்த நிலப்பரப்பு அன்றாட வாழ்க்கை. சுற்றிலும் இத்தனை ஆலையும் மின் விளக்கும் இருக்க, அவர்களுக்கு நிரந்தர மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில், 7.5 கி.மீ. கடலடிக் கம்பி வழியாக. அதுவரை மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர்தான். இது என்னை இன்றும் வருத்துகிற விஷயம். தண்ணீர்க் கஷ்டமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டினாலும், ஆறில்லாத சின்னக் குன்றிலிருந்து அது சீக்கிரம் கடலுக்கு இறங்கிவிடும். பாறையின் விரிசல்களிலும் சிறு நீர்த்தேக்கத்திலும் நிற்பதை வைத்துத்தான் கோடையைத் தாண்ட வேண்டும். பெரிய குகையின் பக்கவாட்டில் பாறையைக் குடைந்த நீர்த்தொட்டி இருக்கிறது, அந்தக் காலத்திலும் இதே கவலைதான்.

எந்த நாளில் போனால் எதைப் பார்க்கலாம்?

மும்பையில் ஒரு வசதி உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஏற்றம் ஏறக்குறைய நண்பகலை ஒட்டி வரும், வற்றம் மாலை ஆறு, ஏழு மணி வாக்கில். அஷ்டமியை ஒட்டி இது தலைகீழாகி, நண்பகலில் வற்றம், ஆனால் அவ்வளவு ஆழமாக வற்றாது. பௌர்ணமி அன்று பதினோரு மணிக்குப் போய் இறங்கினால் துறைக்குக் கீழே தண்ணீர் தளும்பி நிற்கும், அலையாத்திகள் இடுப்பளவு நீரில் நிற்கும். குகையைப் பார்த்துவிட்டு மாலைப் படகுக்கு இறங்கி வரும்போது அதே மரங்கள் வேர் தெரியச் சேற்றில் நிற்கும், நண்டும் துள்ளிப் போகும் சின்ன மீனும் கொக்கும் வேலையில் இருக்கும். இரண்டு நிலையையும் ஒரே நாளில் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. அந்த நாள் திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திங்களன்று குகைக்கு விடுமுறை.